உப்புக் கணக்கில் நான் விட்ட பிழை



பரண் மேல் கிடந்த பழைய பெட்டியைப் போன மாதம் இறக்கினேன். அதில் நான் வங்கியில் இருந்த காலத்து நோட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. 1990களின் நடுவில் திருப்பூர்ப் பக்கம் ஒரு கிளையில் கடன் பிரிவு அதிகாரியாக இருந்தேன். கடன் கேட்டு வரும் திட்ட அறிக்கைகளைப் படித்துவிட்டு, எனக்குப் புரிவதற்காகக் குறிப்பு எழுதி வைப்பேன். ஒரு சாயப்பட்டறைக் கடனுக்கான குறிப்பு அதில் இருந்தது. மூலப்பொருள் என்று தலைப்புப் போட்டு வரிசையாக எழுதியிருக்கிறேன்: துணி, சாயம், உப்பு, சோடா, விறகு.

உப்புக்கு நேராக விலை இருக்கிறது. மாதம் எத்தனை டன் என்று இருக்கிறது. லாரி வாடகைகூட இருக்கிறது. பட்டறைக்குள் போகும் இந்த உப்பு கடைசியில் எங்கே போகிறது என்று மட்டும் நான் எழுதவில்லை. கேட்கவும் இல்லை. கீழே கடைசி வரியில் "கழிவுநீர் சுத்திகரிப்பு" என்று ஒரு சின்னத் தொகை. அதற்கும் கீழே "பரிந்துரைக்கலாம்" என்று என் கையெழுத்து.

ஓய்வு பெற்று நான் வாங்கிய தோட்டம் நொய்யலுக்குக் கீழ்ப்பகுதியில், ஆற்றிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஜீவாமிர்தம், மூடாக்கு, பலதானிய விதைப்பு என்று பத்து வருஷமாக மண்ணோடு மல்லுக்கட்டுகிறேன். மேட்டுப் பக்கம் நன்றாகத் தெளிந்துவிட்டது. பள்ளத்தில் இருக்கும் கிணற்றுத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் மட்டும் இன்னும் ஏய்க்கிறது. தென்னை தாக்குப் பிடிக்கிறது. மஞ்சள் போட்டால் இலை நுனி கருகுகிறது. வெயில் காலத்தில் வரப்போரம் வெள்ளை பூக்கிறது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க, நீங்க பேங்க்ல இருந்தவரு. கேக்கறனேன்னு நெனச்சுக்காதீங்க. இந்த உப்பெல்லாம் ஆரு காசுல வாங்குனதுங்க?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் படித்ததையும் விசாரித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பற்றும் வரவும்

வங்கியில் சாயங்காலம் கேஷ் கணக்கு முடிக்கும்போது பத்து ரூபாய் இடித்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. வந்ததும் போனதும் நேராக வேண்டும். தொழிற்சாலைக்கும் அதே சட்டம்தான். உள்ளே போன எடை எந்த வழியிலாவது வெளியே வந்தாக வேண்டும். ரூபாய்க் கணக்கை இரண்டு முறை சரிபார்த்த நான், எடைக் கணக்கை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இப்போது பார்ப்போம். பருத்தித் துணிக்கு அதிகம் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் நனைந்த பருத்தி நூலும் சரி, இந்தச் சாயமும் சரி, ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. ஒன்றை ஒன்று தள்ளும். அந்தத் தள்ளலை மட்டுப்படுத்தி, சாயத்தை நூலின் மேல் ஏற்றி விடுவதுதான் உப்பின் வேலை. அப்புறம் சோடா சேர்த்ததும் சாயம் நூலோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். உப்பு துணியில் தங்காது. போட்டது அத்தனையும் அலசும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் சாயத்தண்ணி, அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 480 கிராம். சுமாராக, துணியின் எடையில் பாதி. ஒரு பட்டறை தினம் ஐந்து டன் துணி ஓட்டினால் 2,400 கிலோ உப்பு. வருஷத்துக்கு 300 நாள் என்றால் 720 டன். ஒரே ஒரு பட்டறைக்கு இது. என் குறிப்பில் இருந்த மூன்றாவது வரி இதுதான்.

இயற்கை விவசாயிகளான நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சாயத்தையும் மற்ற கரிமக் கழிவையும் கொஞ்சமாவது தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் உண்டு. உப்பைத் தின்று தீர்க்க எதுவும் கிடையாது. அது சிதையாது, மட்காது. பஞ்சகவ்யமோ திறமி நுண்ணுயிரோ அதன் பக்கத்தில் போக முடியாது. ஆவியாகும் தண்ணீர் தன் வழியில் போகும், உப்பு மண்ணிலேயே நிற்கும். அதில் இருக்கும் சோடியம் களிமண் துகள்களைப் பிரித்து விட்டுவிடும். மண்ணின் பொலபொலப்பு போய், ஈரத்தில் சேறாகவும் காய்ந்தால் ஓடாகவும் ஆகிவிடும். ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் விட்டு அலசலாம். அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

நொய்யல் சொன்ன பாடம்

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். நொய்யல் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காக வந்தது. சில வருஷங்களிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. அணைத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே சொன்னார்கள். தண்ணீர் கேட்டு மறியல் பண்ணுகிற நாட்டில், தண்ணீரைத் திறக்காதே என்று விவசாயி கேட்டது இங்கேதான். வழக்குப் போட்டவர்களும் விவசாயிகள்தான். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத நிலைக்குப் பட்டறைகள் வர வேண்டும் என்று கெடு விதித்தது. கெடு தாண்டியும் நிலைமை மாறவில்லை. 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு வட்டியில்லாக் கடனாக அரசு 200 கோடி ரூபாய் ஒதுக்கியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு மாறின.

இதைச் சாதனை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம் விவசாயிகள் கோர்ட் படி ஏறியதால் வந்த மாற்றம் இது. ஆனால் அந்த நிலையங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கழிவுநீரை நுண்ணுயிர் கொண்டு தெளிய வைக்கிறார்கள். பிறகு ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் கரிப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குகிறார்கள். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வர 70 கிலோ கலோரி போதும். அதை முழுக்க ஆவியாக்க இன்னும் 540 கிலோ கலோரி வேண்டும், ஏழு மடங்குக்கு மேல். ஒரே நீராவியை அடுத்தடுத்த கலன்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்திச் செலவைக் குறைக்கிறார்கள். அப்படியும் கொதிகலனுக்கு விறகோ நிலக்கரியோ எரிந்தாக வேண்டும்.

கடைசியில் மிஞ்சுவது என்ன? சேறும் கலப்பு உப்பும். சமையல் உப்பு, சோடியம் சல்ஃபேட், சோடா, கொஞ்சம் சாயம் எல்லாம் கலந்த குவியல். அதை வாங்க ஆள் இல்லை. கொட்ட இடமும் இல்லை. மூட்டை கட்டிக் கூரைக்கடியில் அடுக்கி, மழை படாமல் காவல் காக்க வேண்டும்.

ஆற்றில் ஓடியது மூட்டைக்குள் வந்திருக்கிறது. கொஞ்சம் புகையாகவும் மாறியிருக்கிறது. உண்டான உப்பு உண்டானபடியே இருக்கிறது. வாலைப் பிடித்து மாட்டை நிறுத்தப் பார்ப்பது போன்ற வேலை இது. மூக்கணாங்கயிறு முன்னால் இருக்கிறது.

முன்னால் என்ன செய்யலாம்?

என் கருத்து இதுதான்: பட்டறையை வடிவமைக்கும்போதே உப்பு உண்டாகாதபடி வடிவமைக்க வேண்டும். வழி இல்லாமல் இல்லை.

முதலில் இயந்திரம். பழைய விஞ்ச் தொட்டியில் ஒரு கிலோ துணிக்கு இருபது லிட்டர் வரை சாயத்தண்ணி நிற்கும். உப்பை லிட்டர் கணக்கில்தான் போடுகிறோம். தண்ணீர் குறைந்தால் உப்பும் தானாகக் குறையும். இன்று ஐந்து லிட்டர், ஆறு லிட்டரில் முடிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன.

அடுத்து சாயம். நூலை இரண்டு இடத்தில் பிடித்துக்கொள்ளும் ரியாக்டிவ் சாயங்களில், குறைந்த உப்பில் ஏறும் ரகங்கள் வந்திருக்கின்றன. மேலே போட்ட கணக்கை மாற்றிப் போடுங்கள். எட்டு லிட்டர் ஐந்தாகட்டும், 60 கிராம் 40 ஆகட்டும். கிலோவுக்கு 480 கிராம் இருந்தது 200 கிராம் ஆகிவிடும். சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் பாதிக்கு மேல் உப்பு போய்விட்டது.

மூன்றாவது, செய்முறையையே மாற்றுவது. துணியைச் சாயமும் காரமும் கலந்த கரைசலில் முக்கி, உருளையில் பிழிந்து, சுருட்டி, காற்றுப் படாமல் மூடி வைத்துவிடுவார்கள். சாதாரண வெப்பத்தில் ஒரு ராத்திரியோ கூடக் கொஞ்ச நேரமோ மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் சாயம் பிடித்துவிடும். கோல்ட் பேட் பேட்ச் என்று பெயர். இதற்குச் சாயத்தை ஏற்ற உப்பே வேண்டாம், கொதிக்க வைக்கவும் வேண்டாம். பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும், ஓரம் சுருளும். அதனால் நெசவுத் துணிக்குச் சுலபமாக அமைகிற இந்த முறைக்குப் பனியன் துணியில் தனி இயந்திரமும் பழகின கையும் வேண்டும். கஷ்டம் உண்டு. முடியாதது இல்லை.

நாலாவது, கலக்காமல் இருப்பது. இது நம் எல்லோருக்கும் தெரிந்த பாடம். சாணத்தையும் இலைதழையையும் தனியாகச் சேர்த்தால் எரு. அதிலேயே பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் விழுந்தால் குப்பை. பட்டறையிலும் அப்படித்தான். உப்பில் பெரும்பங்கு முதல் சாயத்தண்ணியில்தான் இருக்கிறது. அலசுகிற தண்ணீர் நிறைய, அதில் உப்பு கொஞ்சம். இரண்டுக்கும் ஒரே வாய்க்கால் வைத்தால் எல்லாமே கரிப்பு. தனித்தனிக் குழாய் வைத்தால், கைப்பிடி அளவு கெட்டித் தண்ணியை மட்டும் கவனித்தால் போதும். அதோடு, சோடியம் சல்ஃபேட் ஒன்றை மட்டும் பயன்படுத்துகிற பட்டறை, அந்தத் தண்ணியைக் குளிர வைத்தே பெரும்பகுதி உப்பைப் படிகமாக இறக்கிவிடலாம். குளிரக் குளிர அதன் கரையும் தன்மை சட்டென்று குறையும். கிடைப்பது திரும்பச் சாயத்தொட்டிக்கே போகும். கரிப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி சாயமேற்றவே கொடுக்கும் முறையும் திருப்பூர்ப் பகுதியில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உப்பு அப்போது கழிவுக் கணக்கிலிருந்து சரக்குக் கணக்குக்கு வந்துவிடுகிறது.

சாயத்தோடு நிற்கும் கதை இல்லை

ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலாளர் 1992-ல் ஒரு எளிய கணக்கை முன்வைத்தார். ஒரு கிலோ சரக்கு தயாரிக்க எத்தனை கிலோ கழிவு உண்டாகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. பெட்ரோலிய ஆலையில் அது நூறு கிராம் அளவில்தான் வந்தது. மருந்துத் தொழிலில் ஒரு கிலோ மருந்துக்கு 25 கிலோவில் தொடங்கி 100 கிலோவையும் தாண்டியது.

அந்த மருந்துத் தொழிலிலேயே மாற்றிக் காட்டியும் இருக்கிறார்கள். மூட்டுவலிக்கு நாம் போடும் இபுப்ரூஃபன் மாத்திரையைப் பழைய முறையில் ஆறு படிகளில் செய்தார்கள். உள்ளே போன அணுக்களின் எடையில் நூற்றுக்கு 40 பங்குதான் மருந்தாக வந்தது. 1992-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் வந்த ஆலை மூன்றே படிகளில் அதைச் செய்தது. பயன் 77 பங்காக உயர்ந்தது. பக்க விளைபொருளாக வரும் அசிட்டிக் அமிலத்தையும் எடுத்துக்கொண்டால் வீண் என்று அனேகமாக எதுவும் இல்லை. மருந்து அதேதான், செய்யும் வழிதான் வேறு.

போபால் நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது பூச்சிக்கொல்லி ஆலை. நம் அப்பா காலத்தில் காய்கறிக்கும் பருத்திக்கும் தூவிய கார்பரில் மருந்துக்காக அங்கே மீத்தைல் ஐசோசயனேட் என்ற கொடிய திரவத்தைத் தயாரித்துப் பெரிய தொட்டிகளில் தேக்கி வைத்தார்கள். 1984 டிசம்பர் 2 இரவு ஒரு தொட்டியில் தண்ணீர் புகுந்து, சுமார் 40 டன் வெளியேறியது. பாதுகாப்புக் கருவிகளில் ஒன்றுகூட அதைத் தடுக்கவில்லை என்று நிறையப் பேசினோம். அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தொட்டி எதற்கு? அதே மூன்று மூலப்பொருள்களை வேறு வரிசையில் சேர்த்தால், இடையில் அந்தத் திரவம் உண்டாகாமலே கார்பரில் செய்யலாம் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். அந்த வழியிலும் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டு, ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டன் கணக்கில் தேக்கி வைத்த அந்தத் திரவம் இருந்திருக்காது. இல்லாத பொருள் கசியாது என்று டிரெவர் கிளெட்ஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1970களிலேயே வலியுறுத்தினார். நாம் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லலாம்: அந்த மருந்தே இல்லாமலும் கத்தரி காய்க்கும்.

நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

இயக்கக் கூட்டத்தில் இதைப் பேசினேன். "கெமிக்கல் கம்பெனியை நல்லபடியா கட்டறது எப்படின்னு நமக்கு எதுக்குங்க பாடம்? மூடுங்கன்னு சொல்லிட்டுப் போலாமே" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கோபம். ஆனால் அவர் போட்டிருந்த சட்டை கருநீலம். அடர்ந்த நிறத்துக்குத்தான் உப்பு அதிகம். என் சொட்டுநீர்க் குழாய் பிளாஸ்டிக். என் ரத்த அழுத்த மாத்திரை ஆலையில் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் பனியன் கம்பெனிச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். மூடச் சொல்ல வேண்டிய ஆலை உண்டு, அதைத் தயங்காமல் சொல்வோம். மற்றதற்கு என்ன சொல்லப் போகிறோம்?

இன்னொன்று. நம்மில் சிலர் இயற்கைப் பருத்தி விளைவிக்கிறோம். சான்றிதழுக்காக எத்தனை பதிவேடு எழுதுகிறோம்! அந்தப் பஞ்சு நூலாகித் துணியாகி உப்புத் தொட்டிக்குள் இறங்கினால், கீழ்ப்பகுதி விவசாயிக்கு அது எந்தப் பஞ்சாக இருந்தால் என்ன? வாங்குகிறவரிடம் எங்கே, எப்படிச் சாயமேற்றுகிறீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம் பங்கையும் ஒத்துக்கொள்ள வேண்டும். யூரியா போட்ட காலத்தில், போட்டதில் பாதிக்கு மேல் பயிருக்குப் போகவில்லை. காற்றிலும் கிணற்றிலும் கலந்தது. அன்றைக்கு நம் வயலும் மோசமாக வடிவமைத்த ஆலைதான். கிணற்றைச் சுத்திகரித்தா நாம் திருந்தினோம்? போடுவதை நிறுத்தி, பயறையும் மாட்டையும் மரத்தையும் உள்ளே கொண்டு வந்து, ஒன்றின் கழிவு இன்னொன்றின் தீனி ஆகும்படி தோட்டத்தை மாற்றி அமைத்தோம். அதைச் செய்து பார்த்தவர்கள் என்பதால்தான் ஆலைக்காரரிடம் பேச நமக்குத் தகுதி இருக்கிறது.

செலவு கட்டுப்படியாகாது என்பார்கள். கடன் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாலில் கட்டும் சுத்திகரிப்பு நிலையம் ஒரு பைசா சம்பாதிக்காது. மின்சாரம் தின்னும், ஆள் தின்னும், அதனால்தான் ராத்திரியில் அணைத்து வைக்கத் தோன்றுகிறது. முன்னால் மிச்சமாகும் உப்பும் தண்ணீரும் சாயமும் ஒவ்வொரு நாளும் காசு. உப்பே போடாத பட்டறை ராத்திரியில் எதைத் திறந்துவிடும்?

கேட்க வேண்டிய ஐந்து

பெரிய ரசாயன ஆலை வருவதற்கு முன் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். அங்கே போய் "எங்கள் மண் கெடும்" என்று மட்டும் சொன்னால், "சுத்திகரிப்பு நிலையம் வைக்கிறோம்" என்று ஒரு வரியில் பதில் எழுதி முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்:

1. ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோ மூலப்பொருள் உள்ளே போகிறது? மீதி எந்த வடிவில், எங்கே போகிறது? எடைக் கணக்கு நேராகிறதா?

2. இதே சரக்கை உப்பு, கரைப்பான், தண்ணீர் குறைவாகச் செய்யும் வேறு வழி உண்டா? அதை ஏன் எடுக்கவில்லை?

3. கொடிய பொருள் எத்தனை நாளுக்குத் தேக்கி வைக்கப்படும்? தேவைப்படும்போது தயாரித்து அப்போதே தீர்க்க முடியாதா?

4. கழிவுகள் தனித்தனிக் குழாயில் வருகின்றனவா, எல்லாம் ஒரே தொட்டியிலா?

5. சேறும் உப்பும் ஐந்து வருஷம் கழித்து எங்கே இருக்கும்? வாங்குபவர் யார்?

பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். இந்தக் கேள்விகளைக் கடன் கொடுக்கும் வங்கி மேலாளருக்கும் எழுதிப் போடலாம். என்னைப் போல ஒருவர் அந்த நாற்காலியில் இருப்பார். நல்லவராகவே இருப்பார். யாரும் கேட்காததால் அவரும் கேட்காமல் இருப்பார்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் போன வாரம் அந்த நோட்டைக் காட்டினேன். உப்பு வரியையும் என் கையெழுத்தையும் விரல் வைத்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "செரி விடுங்க. அடுத்த கருத்துக்கேட்பு எப்பன்னு பாத்துச் சொல்லுங்க, ரெண்டு பேருமாப் போலாம்" என்றார்.

போகிறோம். நீங்களும் உங்கள் பக்கம் நடக்கும் கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள்.